கடல் ஏத்தவத்தத்துல கரண்ட் எடுக்குறது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

கடல் தண்ணி ஏறி எறங்குறத வெச்சு கரண்ட் எடுக்கலாம்னு பேச்செடுத்தாலே வர்ற கேள்விங்க பெரும்பாலும் ஒரே மாதிரி தான் இருக்கு, ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து சொல்லி அலுத்துப் போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிடுறேன்.

இது அலையில இருந்து எடுக்குற கரண்ட் தானே?

இல்லங்க. குழப்பமே இங்க தான் ஆரம்பிக்குது. "கடல் அலை மின்சாரம்"னு தலைப்பு போட்டுட்டு உள்ள ஓதத்தப் பத்தி எழுதி வெச்சிருப்பாங்க, படிக்கிறவங்க ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுக்குவாங்க. அலைங்கிறது காத்து கடல் மேல உரசுறதால வர்றது. இங்க அடிக்கிற காத்தா இருக்கலாம், இல்ல ரொம்ப தூரத்துல அடிச்ச காத்தோட மிச்சமா இருக்கலாம், எப்படி இருந்தாலும் காத்து இல்லாம அலை இல்ல. ஓதம் வேற. நிலாவும் சூரியனும் இழுக்குற இழுப்புல கடலோட மட்டமே மொத்தமா ஏறி எறங்கும், அதைத் தான் கடல்காரங்க ஏத்தம் வத்தம்னு சொல்றாங்க. அலை ஒண்ணு வந்து போக சில செகண்ட் தான், ஒரு ஏத்தத்துக்கும் அடுத்த ஏத்தத்துக்கும் நடுவுல பெரும்பாலான கடற்கரையில 12 மணி 25 நிமிஷம் ஆகும். அலையில கரண்ட் எடுக்குற மெஷினும் இருக்கு, ஆனா அது தனிக்கதை, இங்க அதைத் தொடல.

நிலா ஒண்ணு தானே இருக்கு, ஏன் ஒரு நாளைக்கு ரெண்டு ஏத்தம்?

நிலாவுக்கு நேரா இருக்குற பக்கத்து தண்ணிய நிலா கொஞ்சம் அதிகமா இழுக்குது, அந்தப் பக்கம் ஒரு மேடு. எதிர்ப்பக்கத்துல இருக்குற தண்ணி நிலாவுக்கு தூரம், பூமியோட நடுப்பகுதிய இழுக்குற அளவுக்கு கூட அதை இழுக்கல, அதனால பூமி கொஞ்சம் முன்ன போயி தண்ணி பின்தங்குற மாதிரி ஆகி அங்கயும் ஒரு மேடு. பூமி சுத்துறப்போ ஒரு ஊரு ரெண்டு மேட்டையும் தாண்டுது. அதுக்குள்ள நிலாவும் கொஞ்சம் நகர்ந்துடுறதால ஒரு முழு ரவுண்டுக்கு 24 மணி 50 நிமிஷம் ஆயிடுது. அமாவாசை பௌர்ணமிக்கு சூரியனும் நிலாவும் ஒரே கோட்டுல வந்து சேர்ந்து இழுக்குறதால ஏத்தவத்தம் பெருசா இருக்கும், அஷ்டமி சமயத்துல ரெண்டும் குறுக்கும் நெடுக்குமா இழுக்குறதால சின்னதா இருக்கும். இந்த விஷயம் கரண்ட் கணக்குல ரொம்ப முக்கியம், கீழ திரும்ப வரும்.

சரி, இதுல கரண்ட் எப்படி வருது?

ரெண்டு வழி. ஒண்ணு, கழிமுகத்துலயோ வளைகுடா வாயிலயோ குறுக்க அணை கட்டி, ஏறுன தண்ணிய உள்ள பிடிச்சு வெச்சு, வெளிய வத்துன பிறகு டர்பைன் வழியா, அதாவது தண்ணி தள்ளுற வேகத்துல சுத்தி ஜெனரேட்டர ஓட்டுற சக்கரம் வழியா, விடுறது. இன்னொண்ணு, அணையெல்லாம் கட்டாம, ஏத்தவத்தத்துல ஓடுற நீரோட்டத்துல, அதாவது நீவாட்டுல, காத்தாலை மாதிரியே டர்பைன தண்ணிக்குள்ள நட்டு வெக்கிறது. முதல் வழிய நல்லா பழகியாச்சு, ஆனா கட்ட செலவு அதிகம், சுத்துப்புறத்துக்கும் கொஞ்சம் முரட்டுத்தனமான வேலை. ரெண்டாவது இன்னும் வளர்ந்துட்டு இருக்கு.

அணையில உண்மையிலேயே என்ன நடக்குதுன்னு படிப்படியா சொல்லுங்க

பிரான்ஸ்ல சான் மாலோ பக்கத்துல ரான்ஸ்னு ஒரு ஆறு கடல்ல சேருற எடத்த எடுத்துக்கலாம், 1966-ல தொறந்தது, 240 மெகாவாட், இன்னைக்கும் ஓடுது. 750 மீட்டர் நீளத்துக்கு அணை, அதுக்குள்ள 10 மெகாவாட் டர்பைன் 24. அணை மேல ரோடு போகுது, கார்ல போறவங்க பாதிப் பேருக்கு கீழ என்ன சுத்துதுன்னே தெரியாது போல.

இப்போ கடல் ஏறுதுன்னு வெச்சுக்கோங்க. மதகு எல்லாம் தொறந்திருக்கும், தண்ணி உள்ள வந்து உள்பக்க நீர்த்தேக்கமும் கடலும் ஒரே மட்டத்துக்கு வந்துடும். உச்சத்துல மதகை எறக்கிடுவாங்க. இப்போ ஒண்ணும் நடக்காது, சும்மா காத்திருக்கணும். வெளிய கடல் வத்த ஆரம்பிக்குது, அரை மீட்டர், ஒரு மீட்டர், ரெண்டு மீட்டர்னு எறங்குது, உள்ள தண்ணி அப்படியே நிக்குது. உள்ளயும் வெளியயும் மட்ட வித்தியாசம் போதுமான அளவு வந்ததும் டர்பைன தொறந்து விடுவாங்க. அதுக்கப்புறம் சில மணி நேரம் ஓட்டம் தான், உள்ள தண்ணி கொறைய கொறைய, வெளிய கடல் திரும்ப ஏற ஏற, வித்தியாசம் சுருங்கிக்கிட்டே வந்து ஒரு கட்டத்துல டர்பைன் சுத்துறதுல பிரயோஜனம் இல்லைன்னு ஆயிடும், நிறுத்திடுவாங்க. மதகை தொறப்பாங்க. திரும்ப முதல்ல இருந்து.

ரான்ஸ்ல இருக்குற டர்பைன் ரெண்டு பக்கமும் ஓடும், ஏத்தத்துலயும் எடுக்கலாம் வத்தத்துலயும் எடுக்கலாம், ஆனா வத்தத்துல எடுக்குறது தான் லாபம்னு பெரும்பாலும் அப்படித் தான் ஓட்டுறாங்க. அந்த டர்பைன பம்பா மாத்தியும் ஓட்டலாம். உச்ச ஏத்தத்துல உள்ளயும் வெளியயும் மட்டம் சமமா இருக்குறப்போ கொஞ்சம் கரண்ட் செலவு பண்ணி இன்னும் ஒரு மீட்டர் தண்ணிய உள்ள ஏத்திடுவாங்க. கரண்ட் செலவு பண்ணி கரண்ட் எடுக்குறதா, இது என்ன பைத்தியக்காரத்தனம்னு எனக்கும் முதல்ல தோணுச்சு. ஆனா யோசிச்சு பாருங்க, ஏத்துறப்போ அந்த தண்ணிய ஒரு மீட்டர் உயரம் வரைக்கும் தான் தூக்குறோம், விடுறப்போ அதே தண்ணி அஞ்சு ஆறு மீட்டர் கீழ விழுது. நடுவுல கடலை எறக்கி வெச்சது நிலா. ஓசி.

எவ்வளவு கரண்ட் கிடைக்கும்? கணக்கு சொல்லுங்க

ஒரு சதுர கிலோமீட்டர் குளம், அதுல 8 மீட்டர் உயரத்துக்கு தண்ணி பிடிச்சு வெச்சு முழுசா விடுறோம்னா, ஏட்டுக் கணக்குப்படி ஒரு தடவைக்கு கிட்டத்தட்ட 89,000 யூனிட். அதே குளத்துல ஏத்தவத்தம் 4 மீட்டர்னா பாதி தானே வரும்னு நெனைப்பீங்க, பாதி இல்ல, கால்வாசி, 22,000 சொச்சம் தான். 1 மீட்டர்னா வெறும் 1,400. ஏன்னா உயரம் கொறஞ்சா தண்ணியோட அளவும் கொறையுது, அது விழுற உயரமும் கொறையுது, ரெண்டு அடி ஒரே நேரத்துல. இந்த ஒரு கணக்கு புரிஞ்சா இந்த சப்ஜெக்ட்ல பாதி புரிஞ்ச மாதிரி.

ஏட்டுக் கணக்கு வேற நிஜம் வேற. ரான்ஸ் நீர்த்தேக்கம் 22 சதுர கிலோமீட்டர், சராசரி ஏத்தவத்தம் 8 மீட்டர், ஏட்டுப்படி வருஷத்துக்கு கிட்டத்தட்ட 140 கோடி யூனிட் வரணும், நிஜத்துல வர்றது சுமார் 50 கோடி. அது ஒண்ணும் மோசம் இல்ல, குளத்த ஒரே நொடியில காலி பண்ண முடியாதே, விட விட மட்டம் எறங்கிட்டு தானே இருக்கும்.

அப்போ கடல் இருக்குற எல்லா எடத்துலயும் ஏன் வெக்கல?

மேல சொன்னதே பதில். நடுக்கடல்ல ஏத்தவத்தம் ஒரு மீட்டர் கூட வராது, நெறைய கடற்கரையிலயும் ஒண்ணு ரெண்டு மீட்டர் தான், அணை கட்டுற காசுக்கு வட்டி கூட வராது. கடலோட அடிமட்டமும் கரையோட வடிவமும் சேர்ந்து தண்ணிய நெருக்கித் தள்ளுற எடத்துல தான் உயரம் வரும். கனடாவுல ஃபண்டி வளைகுடான்னு ஒண்ணு இருக்கு, அங்க 16 மீட்டர் வரைக்கும் போகும், அஞ்சு மாடி கட்டடம். அங்க மட்டும் நிலா ஸ்பெஷலா இழுக்குதான்னா இல்ல. ஊஞ்சல ஆட்டி விடுறப்போ அது திரும்பி வர்ற நேரம் பாத்து தட்டுனா சின்னத் தட்டுக்கே மேல மேல போகுமே, அது தான் அங்க நடக்குது. அந்த வளைகுடாவுல தண்ணி ஒரு தடவை உள்ள போயி முட்டி திரும்பி வர எடுக்குற நேரமும் ஓதத்தோட 12 மணி 25 நிமிஷமும் கிட்டத்தட்ட ஒத்துப் போகுது. இங்கிலாந்துல செவர்ன் கழிமுகம், பிரான்ஸோட வடமேற்குக் கரை, கொரியாவோட மேற்குக் கரை, இந்தியாவுல காம்பத் வளைகுடா, இந்த மாதிரி விரல் விட்டு எண்ணுற எடங்க தான் உலகத்துல இதுக்கு தோது.

அணையில்லாம நீரோட்டத்துல வெக்கிற டர்பைன்?

எனக்கு இது தான் ரொம்ப பிடிக்கும். தண்ணி காத்த விட 800 மடங்குக்கு மேல அடர்த்தி, அதனால செகண்டுக்கு 2.5 மீட்டர் வேகத்துல ஓடுற தண்ணியில, அதாவது வேகமா நடக்குறத விட கொஞ்சம் அதிகம், ஒரு சதுர மீட்டருக்கு 8 கிலோவாட் இருக்கு. அதே அளவு சக்தி காத்துல வேணும்னா மணிக்கு 85 கிலோமீட்டர் வேகத்துல அடிக்கணும், புயல் மாதிரி. அதுக்காக அத்தனையும் எடுத்துட முடியாது, காத்தாலைக்கு இருக்குற அதே உச்சவரம்பு இங்கயும் உண்டு, தெறந்த ஓட்டத்துல 59 சதவீதத்துக்கு மேல எடுக்க இயற்கை விடாது.

இதுல இருக்குற கொடுமை என்னன்னா வேகம் பாதியானா சக்தி எட்டுல ஒண்ணாயிடும். அதனால எடம் தேடுறவங்க தீவுகளுக்கு நடுவுல, ரெண்டு கடல் சந்திக்கிற குறுகலான எடமா பாக்குறாங்க. ஸ்காட்லாந்து வடக்குல பென்ட்லண்ட் ஜலசந்தியில மேஜென்னு ஒரு திட்டம், 1.5 மெகாவாட் டர்பைன் நாலு கடலடியில நிக்குது. ஆர்க்னி தீவுகள்ல ஓ2-ன்னு ஒண்ணு 2021-ல எறக்குனாங்க, 74 மீட்டர் நீளத்துல மிதக்குற குழாய், ரெண்டு பக்கமும் கை மாதிரி நீட்டி நுனியில டர்பைன், ரிப்பேர்னா கைய மேல தூக்கிட்டு படகுலயே போயி பாக்கலாம், மொத்தம் 2 மெகாவாட்.

நேரத்தை முன்னாடியே சொல்லலாம்னா 24 மணி நேரமும் கரண்ட் வரும்னு தானே அர்த்தம்?

இதுல தான் நெறைய பேரு சறுக்குறாங்க. நேரம் சொல்லி வரும், ஆனா நாம கேக்குற நேரத்துக்கு வராது. ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

நாளைக்கு வெயில் அடிக்குமான்னு சோலார்காரங்க ஆகாசத்த பாக்கணும், அடுத்த வாரம் காத்து வருமான்னு காத்தாலைக்காரங்களுக்கு உறுதியா சொல்ல முடியாது. ஓதம்னா அஞ்சு வருஷம் கழிச்சு எந்த நாள் எத்தனை மணிக்கு எவ்வளவு ஏறும்னு இப்பவே அட்டவணை போட்டுடலாம், 1870-கள்லயே கெல்வின் பிரபு பல்சக்கரமும் கயிறும் வெச்சு ஒரு மெஷின் செஞ்சு அந்த வேலைய பண்ணிட்டாரு. புயல் வந்தா மட்டம் கொஞ்சம் முன்ன பின்ன ஆகும், அவ்வளவு தான். கிரிட்ட, அதாவது ஊரெல்லாம் கரண்ட கொண்டு போற மின்கட்டமைப்ப, நடத்துறவங்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனா ஏத்தம் தினமும் 50 நிமிஷம் தள்ளிப் போகுது. இன்னைக்கு சாயந்திரம் ஆறு மணிக்கு எல்லாரும் லைட்டு போடுற நேரத்துல கரெக்டா கரண்ட் வந்தா, ஒரு வாரம் கழிச்சு அது நடுராத்திரியத் தொட்டிருக்கும், எல்லாரும் தூங்கிட்டு இருப்பாங்க. தவிர ஒவ்வொரு சுத்துலயும் சில மணி நேரம் ஓட்டம், சில மணி நேரம் சும்மா. அமாவாசைக்கு கொட்டும், அஷ்டமிக்கு சொட்டும். இதெல்லாம் கூட்டிக் கழிச்சா ரான்ஸோ, கீழ சொல்லப் போற கொரியா பிளான்ட்டோ, முழுத் திறன்ல வருஷம் பூரா ஓடுனா வர்றதுல கால்வாசி தான் தருது. ஏத்தம் வேற வேற நேரத்துல வர்ற எடங்கள்ல நாலஞ்சு பிளான்ட் வெச்சா ஒண்ணு ஓயுறப்போ இன்னொண்ணு ஓடும், பேட்டரி சேத்தா இன்னும் சமாளிக்கலாம், ஏன்னா எப்போ எவ்வளவு கொறையும்னு முன்னாடியே தெரியும்ல, பேட்டரி சைஸ குத்துமதிப்பா இல்லாம அளந்து வாங்கலாம்.

பெரிய பிளான்ட் வேற எங்க இருக்கு?

தென் கொரியாவுல சிஹ்வா ஏரி, 2011-ல ஓட ஆரம்பிச்சது, 254 மெகாவாட், உலகத்துலயே பெருசு இது தான். இதோட கதை வேடிக்கையானது. கரண்டுக்காக கட்டுனதே இல்ல. விவசாயத்துக்கு நல்ல தண்ணி ஏரி வேணும்னு 1994-ல கடலுக்கு குறுக்க 12.7 கிலோமீட்டர் சுவர் எழுப்பிட்டாங்க, கடல் உள்ள வர வழி அடைஞ்சு போச்சு, சுத்தி இருக்குற ஃபேக்டரி கழிவும் ஊர்க் கழிவும் சேர்ந்து ஏரி நாறிப் போச்சு. விவசாயமும் இல்ல ஒண்ணும் இல்ல. கடைசியில கடல் தண்ணிய திரும்ப உள்ள விட்டா தான் விமோசனம்னு முடிவு பண்ணி, விடுறது தான் விடுறோம் டர்பைன் வழியா விடுவோமேன்னு 10 டர்பைன வெச்சாங்க. அதனால அங்க ஏத்தத்துல கடல் உள்ள வர்றப்போ மட்டும் கரண்ட், வெளிய போறப்போ சும்மா போகும். வருஷத்துக்கு சுமார் 55 கோடி யூனிட், ஏரியும் தேறிடுச்சு. சுவர் ஏற்கனவே இருந்ததால தான் இது கட்டுபடியாச்சு, இத பாத்துட்டு நாமளும் கட்டலாம்னு கிளம்புறவங்க இந்த விஷயத்த மறந்துடுறாங்க.

கனடாவுல அனாபொலிஸ் ராயல்ல 20 மெகாவாட் ஒண்ணு 1984-ல இருந்து ஓடி 2019-ல மூடிட்டாங்க. ரஷ்யாவுலயும் சீனாவுலயும் சின்னதா சிலது. அவ்வளவு தான், அறுபது வருஷமா இந்த டெக்னாலஜி இருந்தும் பட்டியல் இவ்வளவு குட்டி.

காசு எவ்வளவு ஆகும்? நிலா ஃப்ரீ தானே

நிலா ஃப்ரீ, கான்கிரீட் ஃப்ரீ இல்ல. அணை வகையில செலவு முழுக்க முதல் நாளே கைய விட்டுப் போயிடும், வருமானம் பத்து இருபது முப்பது வருஷமா சொட்டு சொட்டா வரும். ஒருதடவை கட்டி முடிச்சா நூறு வருஷம் கூட நிக்கலாம், ஆனா கடன் குடுக்குறவங்க நூறு வருஷம் காத்திருக்க மாட்டாங்க. இங்கிலாந்துல செவர்ன் கழிமுகத்துக்கு குறுக்க 8,600 மெகாவாட்டுக்கு அணை கட்டலாம்னு பல தலைமுறையா பேசுறாங்க, 2010-ல அரசாங்கம் வேணாம்னு ஒதுக்கிடுச்சு. வேல்ஸ்ல ஸ்வான்சீ வளைகுடாவுல 320 மெகாவாட்டுக்கு ஒரு திட்டம், 130 கோடி பவுண்டு, அதையும் 2018-ல கட்டுபடியாகாதுன்னு நிராகரிச்சுட்டாங்க.

நீரோட்ட டர்பைனுக்கு விலை கொறையுது, ஆனா இன்னும் தூரம் இருக்கு. 2022-ல அதே பிரிட்டன்ல நடந்த ஏலத்துல, 2012 விலைக்கணக்குப்படி ஆயிரம் யூனிட்டுக்கு ஓத நீரோட்டத்துக்கு 178.54 பவுண்டு, கடல் காத்தாலைக்கு 37.35 பவுண்டு. கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. காத்தாலையும் ஒரு காலத்துல இப்படித் தான் இருந்ததுன்னு ஆதரவாளருங்க சொல்றாங்க, அது நியாயமான வாதம் தான், ஆனா காத்தாலை வெக்க எடம் ஆயிரக்கணக்குல இருந்துச்சு, செஞ்சு செஞ்சு விலை கொறஞ்சுச்சு. இதுக்கு எடமே கம்மி.

மீன் எல்லாம் அடிபட்டு செத்துடாதா?

அணையில, ஆமா, சிலது சாகும். அனாபொலிஸ் மூடுனதுக்கு மீன் சாவு பிரச்சினையும் ஒரு காரணம், 2004-ல ஒரு திமிங்கலமே மீன தொரத்திட்டு மதகு வழியா உள்ள வந்து மாட்டிக்கிச்சு. ஆனா உண்மையான பாதிப்பு டர்பைன் இலையில இல்ல, தண்ணி மட்டம் மாறுறதுல தான். வத்தத்துல வெளிய தெரியுற சேத்து நெலம் தான் பறவைங்களுக்கு சோத்துத் தட்டு, அணை வந்தா அதுல பாதி தண்ணிக்கடியில போயிடும். வண்டலும் உள்ளயே தங்கும். ரான்ஸ்ல கட்டுறப்போ கழிமுகத்த மூணு வருஷம் கடல்ல இருந்து சுத்தமா அடைச்சே வெச்சுட்டாங்க, உள்ள இருந்த உயிருங்க பெரும்பாலும் அழிஞ்சுது. தொறந்த பிறகு பத்து வருஷம் போல ஆச்சு ஒரு சமநிலை வர, கணவாய் மாதிரி சிலது திரும்பி வந்துச்சு, சிலது வரல. இன்னைக்கு அப்படி அடைச்சு வெச்சு கட்ட எவனும் அனுமதி குடுக்க மாட்டான்.

நீரோட்ட டர்பைன் ரொம்ப மெதுவா சுத்தும், நிமிஷத்துக்கு பதினஞ்சு சுத்து சுமார். வட அயர்லாந்துல ஸ்ட்ராங்ஃபோர்டுல 2008-ல 1.2 மெகாவாட்டுக்கு சீஜென்னு ஒண்ணு வெச்சப்போ சீல்ங்கிற கடல்நாய் வருதான்னு சோனார் (தண்ணிக்குள்ள சத்தம் அனுப்பி எதிரொலிய வெச்சு பாக்குற கருவி) வெச்சு பாத்து, கிட்ட வந்தா மெஷின நிறுத்துனாங்க. பெரிய சேதம் எதுவும் தெரியல, ஆனா ஒரு டர்பைனுக்கு சரின்னா நூறுக்கும் சரின்னு ஆயிடாது.

உப்புத் தண்ணியில துருப்பிடிக்காதா?

பிடிக்கும். அதுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பெயின்ட், இரும்புல லேசா கரண்ட் பாய்ச்சி துரு வராம தடுக்குறதுன்னு வழி இருக்கு, ரான்ஸ் அப்படித் தான் அரை நூற்றாண்ட தாண்டிடுச்சு. துருவ விட தலைவலி கொட்டலசும் (கப்பல் அடியில ஓட்டோட ஒட்டிக்கிற சின்ன கடல் உயிரு) பாசியும். இலை மேல ஒட்டுனா வழவழப்பு போயி திறன் எறங்கும். அப்புறம் ரிப்பேர். நல்ல நீரோட்டம் இருக்குற எடம்னா ஆள் எறங்க முடியாத எடம்னு அர்த்தம், ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் நடுவுல தண்ணி அசையாம நிக்குற சொற்ப நேரத்துல தான் கப்பல நிறுத்தி கொக்கி மாட்டி தூக்கணும், அது தப்புனா அடுத்த ஆறு மணி நேரம் கப்பலுக்கு வாடகை ஓடிக்கிட்டே இருக்கும். ஃபண்டியில 2009-ல எறக்குன ஒரு டர்பைனோட இலைங்கள சில வாரத்துலயே நீரோட்டம் பிச்சுப் போட்டுடுச்சு, எதிர்பாத்தத விட வேகம் அதிகம்.

இது புது கண்டுபிடிப்பா?

கரண்ட் தான் புதுசு. ஏத்தத்துல குளத்த நிரப்பி வத்தத்துல சக்கரம் சுத்தி மாவு அரைக்கிறது ரொம்ப பழசு, அதே ஸ்ட்ராங்ஃபோர்டு பக்கத்துல ஒரு மடத்துல இருந்த ஆலை கி.பி. 619 வாக்குல கட்டுனதுன்னு அதுல இருந்த மரத்தோட வளையங்கள வெச்சு கண்டுபிடிச்சிருக்காங்க. அரைக்கிறவன் தூங்குற நேரத்த நிலா தான் முடிவு பண்ணியிருக்கும்.

இப்படி எடுத்துக்கிட்டே இருந்தா பூமி சுத்துறது நின்னுடாதா?

நல்ல கேள்வி, சிரிக்காதீங்க. இந்த சக்தி நிஜமாவே பூமி சுத்துற சுத்துல இருந்து தான் வருது. கடல் தரையில உரசி உரசி நாளோட நீளம் நூறு வருஷத்துக்கு சுமார் ரெண்டு மில்லி செகண்ட் கூடுது, நிலா வருஷத்துக்கு 3.8 சென்டிமீட்டர் தள்ளிப் போகுது. ஆனா கடல் தானாவே உரசி வீணாக்குற சக்தி 30 லட்சம் மெகாவாட்டுக்கும் மேல, உலகத்துல இருக்குற ஓத மின் நிலையமெல்லாம் சேத்தா 600 கூட தேறாது. கவலைப்படாம தூங்குங்க.

சின்னதா ஒரு டர்பைன் வாங்கி உப்பங்கழியில போட்டு என் வீட்டுக்கு மட்டும் எடுத்துக்கலாமா?

அனுமதி விஷயத்த விடுங்க, கணக்க மட்டும் பாப்போம். உச்சத்துல செகண்டுக்கு ஒரு மீட்டர் ஓடுற கழி, ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு இலை. உச்சத்துல தண்ணியில இருக்குறது 512 வாட், டர்பைனும் ஜெனரேட்டரும் போக நல்ல மெஷின்ல 180 வாட் கைக்கு வரும். அதுவும் உச்சத்துல மட்டும், ஓட்டம் கொறைஞ்சு நின்னு திரும்புற நேரத்தையெல்லாம் சேத்து சராசரி பாத்தா 75 வாட் பக்கம். ஒரு நாளைக்கு ரெண்டு யூனிட் கூட வராது, அமாவாசை அஷ்டமி கணக்கு போட்டா இன்னும் கொறையும். அதுக்கு கூரையில 500 வாட் சோலார் பேனல் ஒண்ணு போட்டுடலாம், வாரா வாரம் கொட்டலசு சுரண்ட வேண்டாம்.